ஒரு கரண்டிச் சோறு

6-2-1961, திங்கள்
காலையில் நல்ல பனி. டாக்டரிடம் ஒரு மணி நேரம் காத்திருப்பு. ரத்தக் கொதிப்பாம். ஸ்டேஷன் எடை மெஷினில் ஏறியதில் 198 பவுண்டு. தோல் மண்டியில் நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கும் குமாஸ்தா உடம்பு, வேறு எப்படி இருக்கும்.
டாக்டர்: "மாசம் நாலு பவுண்டு கொறஞ்சாப் போதும். பட்டினி கெடக்காதீங்க. கொஞ்சம் கொறச்சுச் சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க."
என் முடிவு:
இட்லி 6 போய் 3.
மதியம் சோறு ஒரே கரண்டி.
பிரியாணிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.
தினம் ஊர் நடுவே இருக்கும் மலையைச் சுற்றி ஒரு நடை.
மனைவி ஞானத்திடம் சொன்னேன். "சரிங்க" என்றாள்.

9-2, வியாழன்
பாதி சுற்றுக்குள் நாக்குத் தள்ளிவிட்டது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன்: "என்னண்ணே, மலைய வெலைக்கு வாங்கப் போறீகளா? தெனம் அளக்குறீக." அங்கேயே உட்கார்ந்து இரண்டு வடை. வீடு வரும்வரை வருத்தம்.

19-2, ஞாயிறு
மாதா கோவில் பூசை முடிந்து நேராக ஸ்டேஷன். 191! நாலு பவுண்டு யாருக்கு வேண்டும். இனி இரவுச் சோறும் கிடையாது, மோர் மட்டும்.
சட்டைப் பொத்தான் ஒன்று தைக்க வேண்டும்.
ஞானம் முகத்தில் வாட்டம். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம், ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறாள் போல.

5-3, ஞாயிறு
184. மண்டியில் நாளை எல்லோரிடமும் சொல்ல வேண்டும். எடை அட்டையை ஞானத்திடம் காட்டினேன். சுவரைப் பிடித்து எழுந்துவந்து பார்த்தாள்.

11-3, சனி
வெயில் தொடங்கிவிட்டது. பகலில் மண்டிக்கு ஆள் வந்து சொன்னது: தெருக் குழாயடியில் ஞானம் மயங்கி விழுந்துவிட்டாள். குடம் நசுங்கல். நெற்றியில் காயம். "வெயிலு, வேற ஒண்ணுமில்ல" என்கிறாள்.

12-3, ஞாயிறு
நிலக்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் லூர்து, தகவல் கேட்டு முதல் பஸ்ஸில் வந்தாள். அம்மாவின் கையைத் தூக்கினாள். வளையல் முழங்கை வரை ஓடியது.
"யப்பா, அம்மா இம்புட்டு எலும்பா கெடக்கு. ஒங்க கண்ணுல படலையா?"
ஒருசந்தி இருக்கிறாளே என்றேன்.
ஞானம் மெதுவாகச் சொன்னாள்: "ஒருசந்தியெல்லாம் இல்ல. நீங்க ஒத்தக் கரண்டியோட எந்திரிச்சுப் போறீக. அதுக்கு மேல நான் எப்படித் திங்கிறது? ஒலையிலேயே அரிசியக் கொறச்சுட்டேன்."
இரவில் எனக்கு மோராவது இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லையாம்.
நான் நாற்காலியில். அவள் தினம் பத்துக் குடம் தண்ணீர். இரண்டு உடம்புக்கும் ஒரே கரண்டி. டாக்டர் சொன்னபடி மெல்லக் குறைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. மடையன் நான்.
பழைய பக்கத்தைப் புரட்டினேன். சுவரைப் பிடித்து எழுந்தாள் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

13-3, திங்கள்
மண்டிக்கு லீவு. ஜட்காவில் டாக்டரிடம். திட்டினார், என்னைத்தான். ஸ்டேஷனில் அவளை மெஷினில் ஏற்றினேன். 77. என் அட்டைகளைக் கிழித்துப் போட்டேன்.
டாக்டர் உத்தரவு, இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவளுக்கு மூன்று கரண்டி, எனக்கு இரண்டு. முருங்கைக்காய்க் குழம்பு. கூச்சத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். நான் முதலில் சாப்பிடுவேன், அவள் கடைசியில் அடுப்படியில். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.
வலது பக்கமாகவே மென்றாள். இடது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. எப்போது விழுந்தது என்று கேட்டேன்.
"லூர்து வயித்துல இருக்கையில" என்றாள்.