போன் காவல்

ஞாயிறு இரவு, அம்பிட்டிய, கண்டி.

நேற்று நிலாவெளிக் கடற்கரையில் நண்பர்களுக்குக் கூடாரம் அடித்தவன் நான். இன்று காலையில் தேத்தண்ணி ஊற்றியவனும் நான்தான். பிறகு டொல்பின் பார்க்கப் படகு பிடிக்கப் போனோம்.

"லைஃப் ஜாக்கெட் ஒண்டு குறையுது தம்பி, ஒராள் கரையில நிக்கோணும்," என்றார் படகுக்காரர். அவர் சொல்லி முடிப்பதற்குள் சுரேன் தன் போனை என் கையில் திணித்தான். "மச்சான், ஒனக்குத்தான் கடல்னா பயமாச்சே!"

நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்களும் போன்களைத் தந்துவிட்டு ஏறினார்கள். எல்லாவற்றையும் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றேன். திரும்பி வந்த சுரேன் முதலில் கேட்டது, "போன் நனையலயே?"

கண்டி வரைக்கும் வேனில் டொல்பின் கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

வீட்டில் அம்மா, "போட்ல போனியாப்பா?" என்றாள். போனேன் என்றேன். டொல்பின் பார்த்ததையும் சொன்னேன்.