கத்துகிறவர்களுக்கும் அன்னாசித் தண்ணீர்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாத திடலில் இப்போது உங்களைவிடச் சத்தமாகக் கத்துகிறார்கள். நம் ஊர் பெக்கான் நானாஸில் இந்தக் கத்தலைத் தொடங்கி வைத்ததே நீங்கள்தான் என்பது என் கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா. இருக்கிற கோபத்துக்கு நான் ஒருத்தியே போதும்.

உங்கள் மாப்பிள்ளை சாமுவேல்தான் இன்னமும் நம் ஊர்க் காற்பந்துக் குழுவுக்குக் கோச். பகலில் தொழிற்சாலை, சாயங்காலம் விசிலோடு திடல். ஆட்டம் முடிந்ததும் அன்னாசித் தண்ணீர் கொண்டுபோகிற வழக்கத்தை நானும் விடவில்லை. புளிப்பு ஆசாம்போய்ப் பழம் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, உங்களுக்குப் பிடித்த மாதிரியேதான் கலக்குகிறேன். ஆட்டக்காரர்கள் குடித்த பிறகு கம்பிவேலி ஓரம் நிற்கிற ரசிகர்களுக்கு. "கத்துனவனுக்குத்தான்மா தொண்ட காயும், மொதல்ல எனக்கு ஊத்து" என்று கப்பை நீட்டிக்கொண்டு வருவீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை, அரையிறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் கேப்டன் ஜீவனை இவர் வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை இறக்கினார். ஒன்றுக்குச் சுழியம் என்று முன்னால் இருந்த நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அவ்வளவுதான், வேலி ஓரம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அதில் பெரிய குரல் யாருடையது தெரியுமா? ஜீவனின் அப்பா, நம் ஸ்டீபன் அங்கிள். ஆலயத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவர். கிறிஸ்மஸுக்கு என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

"அலமாக்! இவரெல்லாம் ஒரு கோச்சா? வீட்டுல பொண்டாட்டி போடுற ஆர்டரத்தான் இங்க வந்து போடுறாரு லா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எதிரில்தான் நின்றிருந்தேன். ஆட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அதற்குத்தான் வேலி ஓரம் நிற்கிறார்கள். என் வீட்டுக்குள் இவர்களுக்கு என்ன வேலை? அதே வாக்கியத்தை ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் எழுதி, கீழே சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டார். எங்கள் மகள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, அப்பா நெஜமாவே உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் டீம் போடுறாரா?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடந்தது வேறு, அப்பா. ஜீவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடக்கிறவன். அந்த வாரம் ஓவர்டைம் வேறு, சரியாகத் தூங்கவே இல்லை. பாதி ஆட்டத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு இறுக்குது கோச். என்னை எடுத்துடுங்க. எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துடுவாரு" என்றானாம். இவர் அவனை உட்கார வைத்தார். அத்தனை பேர் ஏசியும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு வரி குரூப்பில் எழுதியிருந்தால் எல்லார் வாயும் அடைபட்டிருக்கும். நான் எழுதப் போனேன், இவர் என் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். "அது அவன் விஷயம், எஸ்தர். அவனே சொல்லட்டும்" என்றார்.

புதன்கிழமை ஜீவனே தன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டாக்டரிடம் போனார்கள். நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வு போதும் என்றாராம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் குரூப்பில் எழுதினது அப்படியேதான் இருந்தது. மன்னிப்பு வேண்டாம், "தெரியாம எழுதிட்டேன்" என்று இரண்டு வார்த்தை எழுதக் கூடவா அங்கிளுக்கு விரல் வளையவில்லை?

ஞாயிறு வந்தது. திருவிருந்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்வோமே, அப்போது திரும்பினால் ஸ்டீபன் அங்கிள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒன்றுமே நடக்காத மாதிரி, "சமாதானம்மா" என்கிறார். சனிக்கிழமை ஊர் பார்க்க அவமானம், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் இலவசச் சமாதானமா? நான் கையைக் கொடுக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டேன். அந்தக் கையை இவர்தான் பிடித்துக் குலுக்கினார்.

ஆராதனை முடிந்ததும் போதகரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சண்டே ஸ்கூல் டீச்சர் நீங்க. நீங்களே இப்படிச் செய்யலாமா? அன்பு காட்டணும் எஸ்தர்."

அன்பு காட்ட வேண்டியது எப்போதும் ஏசப்பட்டவர்கள் மட்டும்தானா, அப்பா? ஏசினவரை யாராவது ஓரமாகக் கூப்பிட்டார்களா? கோச்சின் மனைவி என்றால் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுதான் சாட்சி வாழ்க்கை என்று யார் முடிவு செய்தது? வீடு வரும்வரை இதையே பொருமிக்கொண்டு வந்தேன். இவர் பாவம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கார் ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் நீங்கள் நீட்டிய கை ஞாபகம் வந்தது.

நீங்கள் பார்த்த கடைசி ஆட்டம். "கோச்ச மாத்துங்கடா!" என்று சொந்த மாப்பிள்ளையைப் பார்த்தே நீங்கள் கத்தினீர்கள். அன்றைக்கு எல்லாருக்கும் ஊற்றினேன், உங்களுக்கு மட்டும் ஊற்றவில்லை. "எனக்கு?" என்று கப்பை நீட்டினீர்கள். "கத்துறவங்களுக்குக் கெடையாது" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வெறும் கப்போடு மோட்டார் சைக்கிள் பக்கம் போனீர்கள். மூன்றாம் நாள் போயே போய்விட்டீர்கள். நான் சொன்னது தப்பு என்று உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் கத்தினதும் தப்புதான், அதையும் சொல்லவில்லை. இரண்டில் எது என்னை அதிகம் உறுத்துகிறது என்று எனக்கே தெரியவில்லை.

நாளைக்குத் திரும்பவும் ஆட்டம், மூன்றாம் இடத்துக்கு. இப்போதுதான் பழத்தை நறுக்கி முடித்தேன், கையெல்லாம் அரிக்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. நாளைக்கு முதல் கப் ஸ்டீபன் அங்கிளுக்கு. போன ஞாயிறு கொடுக்காத கையால் நானே கொடுப்பேன். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கட்டும், எதிரிலேயே நிற்பேன். அப்புறம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பேன்: "அங்கிள், குரூப்ல எழுதினத எப்ப அழிக்கப் போறீங்க?"

சிரித்துக்கொண்டே நகரப் பார்த்தால் விடமாட்டேன். உங்களைத்தான் அப்படிப் போக விட்டுவிட்டேன்.

இன்னும் கோபம் தீராத, உங்களுக்கு ஒரு கப் பாக்கி வைத்திருக்கிற மகள்,
எஸ்தர்