கலிஸ்ராவைக் கேட்டீர்களா?

அக்கராயன்
12.09.2025

அன்புள்ள கலிஸ்ராவுக்கு,

நான் சுகம், எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் சுகம் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். என் பெயர் டக்சாயினி. உன்னைப் போலவே தரம் நான்கு. எங்கள் அனோஜா ரீச்சரும் உங்கள் சாரங்கா ரீச்சரும் அக்கா தங்கையாம். சனிக்கிழமைகளில் இருவரும் கிளிநொச்சியில் அம்மா வீட்டுக்கு வரும்போது எங்கள் கடிதக் கட்டுகளை மாற்றிக்கொள்வார்களாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு நீ வந்தாய். எனக்கு மீன் என்றால் உயிர், நீ கடற்கரைப் பிள்ளை. நல்லதாகப் போயிற்று.

இப்போது பெரிய விசயம். எங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன! சும்மா இல்லை, உலகம் முழுவதும் கையெழுத்து வைத்த உரிமைகள்! ரீச்சர் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறா. படிக்க உரிமை, விளையாட உரிமை, அப்பா அம்மாவோடு இருக்க உரிமை, எங்களைப் பற்றிய விசயத்தில் எங்கள் எண்ணத்தைச் சொல்ல உரிமை. கடைசியாகச் சொன்னது பன்னிரண்டாம் உறுப்புரை. எனக்கு அதுதான் நன்றாகப் பிடித்திருக்கிறது. நான் கொஞ்சம் அதிகமாகக் கதைக்கிற பிள்ளை.

அன்று பின்னேரமே வீட்டில் தொடங்கிவிட்டேன். முற்றம் கூட்டச் சொன்ன அப்பாவிடம், "எனக்கு விளையாட உரிமை இருக்கு, முப்பத்தோராம் உறுப்புரை" என்றேன். அப்பா சிரிக்காமல், "ஓம் பிள்ளை, எனக்குத் தேத்தண்ணி குடிக்கிற உரிமை இருக்கு. கூட்டிப்போட்டு அதையும் கொண்டு வா" என்றார். பெரியவர்களுக்கு இதெல்லாம் விளங்க நாள் எடுக்கும்போல.

உன் உரிமைகள் எப்படி இருக்கின்றன? ஒன்று விடாமல் எழுது.

உன் புதுத் தோழி,
க. டக்சாயினி

*

முல்லைத்தீவு
19.09.2025

அன்பின் டக்சாயினிக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் கன்றுக்குட்டியையும் காப்பாராக. மீன் என்றால் உயிர் என்று எழுதியிருந்தாய். மீனுக்கு உன்னைப் பற்றி அப்படி ஓர் எண்ணம் இருக்காது.

எங்களுக்கும் உரிமைப் பாடம்தான். ஆனால் நாங்கள் அட்டை ஒட்டியதோடு நிற்கவில்லை. நவம்பர் இருபதாம் திகதி எங்கள் பள்ளிக்கூடத்தில் சிறுவர் பாராளுமன்றம் கூடப்போகிறது. சபாநாயகர் யார் தெரியுமா? நான்! வாக்குப் போட்டுத்தான் தெரிவு செய்தார்கள். தோற்றுப்போன றஜித், "திருப்பி எண்ணுங்கோ ரீச்சர்" என்று கேட்டான். திருப்பி எண்ணினார்கள். திரும்பவும் தோற்றான். அதிபரின் கதிரையில் ஒருமுறை இருந்து பார்த்தேன். கால் நிலத்தில் முட்டவில்லை, ஆனால் குரல் நன்றாகப் போகிறது.

ஆனால் ஒரு சங்கடம். வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் கடலில் வள்ளம் இறக்க முடியாது. என் அப்பா ஸ்ரனிஸ்லஸ் அப்போது மன்னார்க் கரைக்குத் தொழிலுக்குப் போவார். அங்கே கடற்கரையில் கிடுகால் வாடிக் குடிசை கட்டித் தங்குவார். அவர் தனியே போவதில்லை. அம்மா, நான், தம்பி எல்லாரும் கூடப் போவோம். போன வருடமும் அப்படித்தான் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் இல்லாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது வகுப்பே பிரித்தல் கணக்குச் செய்துகொண்டிருந்தது. எனக்குப் பெருக்கலே பாதிதான் தெரியும். இந்த முறை நவம்பர் முதல் கிழமை போகிறோமாம். நான் இல்லாவிட்டால் றஜித் அந்தக் கதிரையில் ஏறிவிடுவான்.

எனக்குப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக விருப்பமில்லை. வீட்டில் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஸ். கலிஸ்ரா

*

அக்கராயன்
03.10.2025

என் அன்புக்குரிய சபாநாயகருக்கு!

போன கிழமை நான் எழுதவில்லை. கோபிக்காதே, காரணம் பெரியது. உன் கடிதத்தை வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. படிக்கிற உரிமை இருபத்தெட்டாம் உறுப்புரையில் அப்படியே இருக்கிறது, அதை என் தோழிக்கு இல்லாமல் செய்வதா? புதன்கிழமை சிறுவர் தினத்துக்கு ஆளுக்கொரு உரிமை பற்றிப் பேச வேண்டும். விளையாட்டைப் பற்றி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு உன்னைப் பற்றிப் பேசினேன்!

கலிஸ்ரா, நீ பார்த்திருக்க வேண்டும்! உன் பெயர், ஊர், உன் அப்பா ஸ்ரனிஸ்லஸின் பெயர் எல்லாம் சொன்னேன். "படிக்கத் துடிக்கும் ஒரு பிள்ளையைத் தந்தையே தடுக்கலாமா?" என்று கேட்டபோது மண்டபமே கைதட்டியது. என் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. விருந்தினராக வந்த ஓர் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "கெட்டிக்காரி. உம்மட சிநேகிதிக்கு என்ன செய்யலாமெண்டு பாக்கிறம்" என்றா. எனக்கு முதற்பரிசு. கொப்பியும் பேனையும் தந்தார்கள். அந்தப் பேனையால்தான் இதை எழுதுகிறேன்.

இனி நீ எங்கேயும் போகத் தேவையில்லை. வெற்றி எங்களுக்குத்தான்!

துள்ளிக்கொண்டு,
டக்சாயினி

*

முல்லைத்தீவு
10.10.2025

டக்சாயினிக்கு,

செவ்வாய்க்கிழமை சிறுவர் பகுதி அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தா. அப்பா முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் அன்பாகத்தான் கதைத்தா. ஆனால் வேலியடியில் அயல் முழுக்க நின்றது. அப்பா எழுந்து நின்று "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று மட்டும் சொன்னார். அவ போன பிறகு சாப்பிடவில்லை. "நான் பிள்ளையைப் படிக்க விடாத ஆளெண்டு மேடையில சொன்னவையாம்" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கடைசி யுத்தத்தில் அப்பாவின் சின்னத் தங்கச்சியைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டு நாளில வாறம்" என்று சொல்லி வந்தார்களாம். பிறகு அந்த வீடும் இல்லை, அவவும் இல்லை. அதற்குப் பிறகு அப்பா தன் ஆட்களை விட்டுவிட்டு எங்கேயும் படுத்ததில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போவது அதனால்தான்.

இது தெரிந்திருந்தால் நீ அப்படிப் பேசியிருப்பாயா? தெரியாதென்றால் என்னைக் கேட்டிருக்கலாம். பன்னிரண்டாம் உறுப்புரை பிடிக்கும் என்று எழுதியது நீதானே? என்னைப் பற்றிய விசயத்தில் எல்லாரும் கதைத்தீர்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. உனக்கு மட்டும் என்று நான் எழுதியதற்குக் கைதட்டு வாங்கியிருக்கிறாய்.

பதில் எழுத வேண்டாம்.

ஸ். கலிஸ்ரா

*

அக்கராயன்
17.10.2025

அன்புள்ள கலிஸ்ராவுக்கு,

நீ வேண்டாம் என்றாய், நான் எழுதுகிறேன். இதற்கும் திட்டு. ஆனால் மன்னிப்புக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தக் கைதட்டு எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. உனக்காகப் பேசுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேடையில் நின்றபோது உன் நினைவே எனக்கு வரவில்லை, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பதுதான் வந்தது. உன் கடிதத்தை வாசித்துக் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். உன் அப்பாவுக்கு என்னால் வந்த அவமானத்துக்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருக்கு ஒரு கடிதம் எழுதலாமா? நீ ஓம் என்றால் மட்டும் எழுதுவேன்.

படிக்கிற உரிமையும் அப்பா அம்மாவோடு இருக்கிற உரிமையும் ஒரே அட்டையில் இருக்கின்றன. இரண்டும் சண்டை பிடித்தால் எது வெல்லும் என்று, உன் பெயர் சொல்லாமல், அனோஜா ரீச்சரிடம் கேட்டேன். ரீச்சர் அட்டையைப் பார்த்துவிட்டு, "உதை நான் தீர்க்கேலாது டக்சா. உது ஆரின்ர பிரச்சினையோ, அந்தப் பிள்ளையைத்தான் கேக்கோணும்" என்றா.

அதனால் பிந்தியென்றாலும் கேட்கிறேன். கலிஸ்ரா, உனக்கு என்ன விருப்பம்?

தலைகுனிந்து,
டக்சாயினி

*

மன்னார்
07.11.2025

என் அன்பின் டக்சாயினிக்கு,

இந்தக் கடிதம் ரீச்சரின் கைப்பையில் வரவில்லை, முத்திரை ஒட்டி வருகிறது. உன்னில் எனக்கு இருந்த கோபம் இரண்டு கிழமை நின்றது. ஆனால் நீ கேட்ட கேள்வி அதைவிடப் பிடிவாதமாக நின்றது. எனக்கு என்ன விருப்பம்? யோசித்துப் பார்த்தால் அப்பாவை விட்டு நிற்கவும் விருப்பமில்லை, பள்ளிக்கூடத்தை விடவும் விருப்பமில்லை. எனக்கு இரண்டும் வேண்டும். ஏன் கேட்கக்கூடாது?

ஒரு பிரேரணை எழுதினேன். முதலில் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ம்" என்றார். பிறகு சாரங்கா ரீச்சரிடம் போய், நான் போவதற்கு முன் பாராளுமன்றத்தைக் கூட்டச் சொல்லி மன்றாடினேன். முப்பதாம் திகதி கூட்டினார்கள்! சபாநாயகர் பிரேரணை கொண்டுவரக்கூடாதாம். அதனால் நான் கதிரையை விட்டு இறங்கி, அந்த நேரத்துக்கு மட்டும் றஜித்தை ஏற்றினேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கோயில் பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்ட மாதிரி! "கடல் மாறித் தொழிலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள், வாடிக்குக் கிட்டவுள்ள பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டு மாதமும் படிக்க ஒழுங்கு செய்ய வேண்டும்" என்று வாசித்தேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன, றஜித்தின் கையும்! அவன் வீட்டாரும் வருடா வருடம் டிசம்பரில் போகிறவர்கள்தானே. எங்கள் அதிபர் அப்போதே மன்னாரில் உள்ள இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தார். அப்பா வாசலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்ததோ இல்லையோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

நீ அப்பாவுக்கு எழுதலாம். அவருக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும், எழுத்தைப் பெரிதாக எழுது.

நேற்று இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். அப்பா பூசைக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இங்குள்ள அதிபர் நல்லவர். என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "பிள்ளை பயணக் களைப்பில நிக்குது. திங்கக்கிழமை வரட்டே, இல்லாட்டி இண்டைக்கே வகுப்பில இருத்துவமோ?" என்று கேட்டார்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதிபரிடம், "அதை நான் சொல்லேலாது சேர். பிள்ளையைக் கேளுங்கோ" என்றார்.

அதிபர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"இண்டைக்கே" என்றேன்.

அன்புடன், உன்
கலிஸ்ரா