மோட்டார் ரூமில் பதிந்த குரல்

போடிநாயக்கனூர்
8.10.2025

மாறனுக்கு,

மேலே ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். வேறு தாள் எடுத்திருக்கலாம். நீ பார்க்கட்டும் என்றுதான் எடுக்கவில்லை. இங்கே நானும் ஜெபாவும் சுகம். பெயிண்ட் கடையும் நடக்கிறது. நீ பெங்களூரில் சுகமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று வாரமாக நான் அனுப்பிய எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. மெயில் போட்டால் உன் ஆபீசில் யார் யார் படிப்பார்களோ தெரியாது. ஸ்பீடு போஸ்ட் என்றால் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வரவில்லை என்று நாளைக்கு நீ சொல்ல முடியாது.

நம்முடைய ‘பாளையம்’ போய்விட்டது. உனக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் புதிய கம்பெனி வாங்கியதிலிருந்து, ரசிகர்கள் தாங்களே செய்து அதில் சேர்த்த ‘மாட்’ ஒவ்வொன்றையும் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டே வருகிறார்கள். நம்முடையதற்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள். கம்பெனி வெளியிடப்போகும் பகுதியோடு இது மோதுகிறதாம். ஆறு வருட வேலை, மாறன். அவர்கள் வரைபடத்தில் மதுரைக்கு மேற்கே எல்லாம் ஒரே பழுப்புத் திட்டாகக் கிடந்தது. அதில் போடியையும் கோம்பையையும் கூடலூரையும் வைத்தது நாம். மலைக்கு ஏறும் வழிகளைச் சரியாக வரைய வேண்டும் என்று உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து குமுளிக்கும் போடிமெட்டுக்கும் எத்தனை தடவை வந்திருப்பேன்.

சரி, அவர்கள் சரக்கு, அவர்கள் இஷ்டம் என்று இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர்களுடைய முன்னோட்டம் வந்தது. தென்னாட்டுப் பாளையங்கள் என்று தனியாக ஒரு பகுதி கொண்டுவருகிறார்களாம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு வீரன் மலைமேல் நின்று கத்துகிறான், “ஏலே, கணவாய மறிங்கடா!” நம் மாட்டுக்காகப் பேசிக் கொடுத்த கர்ணண்ணன் குரல். அதற்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். நான் அதை ஒன்பது தடவை கேட்டேன். உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் சாக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மும்முனைக் கரண்ட் வந்து ஸ்டார்ட்டர் விழுந்ததே, அந்தச் சத்தம். அதை எடுக்க முடியாமல்தான் நாம் அதன்மேல் தவில் அடியைப் போட்டு மறைத்தோம்.

அவர்கள் முன்னோட்டத்தில் தவில் இல்லை. வெறும் குரலும் ஸ்டார்ட்டரும்தான். அப்படியானால் நாம் வெளியிட்ட ‘மாட்’டிலிருந்து எடுக்கவில்லை. மூலப் பதிவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மூலப் பதிவு இருப்பது இரண்டு ஹார்டு டிஸ்க்கில். ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது. இன்னொன்று உன்னிடம்.

இப்போது பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. அந்தக் கம்பெனிக்குச் சோதனை வேலை செய்கிற இடத்தில் உனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் வேலை கிடைத்தது? ஆகஸ்டில் நீ போன் செய்து, பழைய பதிவெல்லாம் இருக்கா, கர்ணண்ணனிடம் அப்போது ஏதாவது எழுதி வாங்கினோமா என்று கேட்டாய். சும்மா கேட்டேன் என்றாய். நானும் சும்மா என்றுதான் எடுத்துக்கொண்டேன். எழுதி வாங்கவில்லை என்று நான் சொன்னதும் உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கர்ணண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தீபாவளித் துணிக்கடை விளம்பரத்துக்கு ஆட்டோவில் மைக் கட்டிப் போடி முழுக்கச் சுற்றுகிறவர், காலேஜ் பையன்கள் அவரைப் பார்த்துக் “கணவாய மறிங்கடா” என்று கத்தினால் சும்மா இருப்பாரா? நேராகக் கடைக்கு வந்தார். விளையாட்டை ஆடுகிறவர்களே அதற்குள் தங்கள் ஊரையும் படையையும் சேர்த்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பதுதான் மாட், அதற்குத்தான் அப்போது உங்களைப் பேசச் சொன்னோம் என்று விளக்கினேன். முன்னோட்டத்தையும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: “தம்பி, இந்தத் தொண்டதேன் எனக்குச் சோறு போடுது. ஒங்களுக்குப் பிரியமாப் பேசிக் குடுத்தேன். இப்ப சீமையில எவனோ வச்சு விக்கிறானே, அவனுக்குக் குடுத்தது யாரு?”

இரண்டு பேரிடம்தான் இருந்தது, ஒன்று என்னிடம் இருக்கிறது என்றேன். உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. தீபாவளிக்குள் கோம்பையில் உன் அப்பாவிடமே கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினார். நான் தடுக்கவில்லை.

உன் அப்பா போன வாரம் மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் பெயிண்ட் வாங்க வந்தார். நீ தீபாவளிக்கு வரவில்லையாம், ஆபீசில் தலைக்கு மேல் வேலையாம். பெருமையாகத்தான் சொன்னார். என்ன வேலை என்று எனக்குத் தெரியும் என்று வாய்வரை வந்தது. பச்சை டப்பாவை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வருகிறது. மழை வலுக்கும் என்கிறார்கள். தீபாவளிக்குள் உன் கையெழுத்தில் எனக்குப் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
வினோத்ராஜ்


போடிநாயக்கனூர்
10.11.2025

அன்புள்ள மாறனுக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை. அந்த வார்த்தையை எழுத எனக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். என் முதல் கடிதம் போன மாதம் 11ஆம் தேதியே உனக்குப் பட்டுவாடா ஆகிவிட்டதாக போஸ்ட் ஆபீசில் காட்டுகிறது. அதைப் படித்துவிட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறாய். அதற்கு நான் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். அது தப்பு.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரிந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை கர்ணண்ணன் உங்கள் தெருவில் ஆட்டோவை நிறுத்தி, மைக்கிலேயே கேட்டுவிட்டார். “பேச்சிமுத்தண்ணே, ஒம் மகன் எங் குரலக் கம்பெனிக்காரனுக்கு வித்துப்புட்டான். ஊரே கேட்டுக்கங்க” என்று. உன் அப்பா வெளியே வந்து, “எம் மகன் வித்திருந்தா நானே கூட்டியாந்து ஒன் முன்னாடி நிறுத்துறேன். இல்லேன்னா என்ன செய்வேனு நீ சொல்லு” என்றாராம். கர்ணண்ணன் மைக்கை அணைத்துவிட்டு ஆட்டோவைத் திருப்பிவிட்டார். இதெல்லாம் அவரே என்னிடம் சொன்னது. அந்த நேரத்தில் நான் கடையில் உட்கார்ந்து, இனி மாறன் பேசித்தானே ஆக வேண்டும் என்று காத்திருந்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ பேசினாய். ஆனால் என்னிடம் இல்லை, கர்ணண்ணனிடம். அவர் மறுவாரம் கடைக்கு வந்தார். ஆள் அடங்கிப்போயிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்: “மாறன் போன் போட்டான் தம்பி. அவன் குடுக்கலையாம். வேலையில எங் குரலக் கேட்டவொடனே இதப் பேசுனவருட்ட கேட்டீகளா, அவரு பேரையாச்சும் போடுங்கனு எழுதிக் குடுத்துருக்கான். செப்டம்பர்ல நாப்பது பேர வீட்டுக்கு அனுப்பிச்சிட்டாக, அதுல அவனும் ஒருத்தன். ஊருல சொல்லிறாதீகண்ணேனு அழுகுறான்.”

நான் அப்போதும் விடவில்லை. அவன் கொடுக்கவில்லை என்றால் வேறு யார் கொடுத்தது என்று கேட்டேன். கர்ணண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டார். “நானும் அதத்தேன் கேட்டேன். யாருனு அவனுக்குத் தெரியும்ங்கிறான். ஆனா சொல்ல மாட்டேங்கிறான்.”

அவர் போனபிறகு கடையைச் சாத்திவிட்டுப் பழைய மெயிலை எல்லாம் தோண்டினேன். 2021 ஜூன். இரண்டாவது ஊரடங்கு. நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். அப்போது இருந்த பழைய கம்பெனி, மாட் செய்கிறவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. வேலையின் மூலக் கோப்புகளை முழுசாக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியிருக்கிறேன், மாறன். ஒரு ஃபோல்டர் விடாமல். குரல் பதிவுகளும் அதில் போயிருக்கின்றன. கீழே ஒரு நீளமான ஒப்பந்தம், படித்துச் சம்மதித்தேன் என்று டிக். ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டேன். பரிசு வந்தால் உனக்குச் சொல்லலாம், வராவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தது இப்போது ஞாபகம் வருகிறது. வரவில்லை. மறந்துபோனேன். கம்பெனி கைமாறியபோது அவர்கள் அலமாரியில் கிடந்ததெல்லாம் கைமாறியிருக்கிறது. என் பெயரில் போன ஃபோல்டரை நீ அங்கே பார்த்திருக்கிறாய். ஆகஸ்டில் நீ சும்மா கேட்கவில்லை. நானே சொல்வேனா என்று கேட்டிருக்கிறாய்.

மறுநாள் கோம்பைக்குப் போனேன். கர்ணண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? நான் கத்துன எடத்துல வந்து நீ சொல்லு” என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். உங்கள் தெருவில் மைக்கைக் கையில் கொடுத்தார். எனக்கு மைக் பழக்கமில்லை. கோவிலில் பைபிள் வசனம் வாசிக்கச் சொன்னாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். “பதிவை அனுப்பினது நான்தான். தமிழ்மாறன் இல்லை. போடி பெயிண்ட் கடை வினோத்ராஜ் சொல்கிறேன்” என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். உன் அம்மா வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். உன் அப்பா தோட்டத்தில் இருந்திருக்கிறார். அங்கேயும் போனேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மண்வெட்டியை வைக்காமலே, “அவன் ஒம் மேல உசுரா இருந்தான்யா” என்றார். ‘இருந்தான்’ என்றார். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன் வேலை போனதைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் சீக்கிரம் சொல். மறைத்து வைத்தால் அடுத்தவன் மனசில் என்னென்ன முளைக்கும் என்பதற்கு நானே சாட்சி.

அந்தப் பகுதி போன வாரம் வெளிவந்தது. வாங்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கர்ணண்ணனுக்காக வாங்கினேன். கடைசியில் பெயர்கள் ஓடுகின்றன. நூற்றுக்கணக்கில். அதில் ஒரு வரி, குரல்: கர்ணன், கோம்பை. நிறுத்திக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போனில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு மேலும் கீழும் தேடச் சொன்னார். “ஒங்க ரெண்டு பேரு பேரு எங்கய்யா?” என்றார். இல்லை என்றேன். மாறன் போட்டுக்கொள்ளவில்லையா என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது நட்புக்காகவா? அல்லது நானே கண்டுபிடித்து நானே கூசிப்போகட்டும் என்று விட்டுவிட்டாயா? இவ்வளவு நடந்தபிறகும் என் புத்தி இப்படித்தான் போகிறது. இரண்டாவதாக இருந்தாலும் உன்மேல் தப்பில்லை. எதுவாக இருந்தாலும் உன் வாயால் கேட்டால் இந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகுமோ என்னவோ.

ஜெபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது காலையில் குடும்ப ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லி, நல்ல வேலை கிடைக்க வேண்டும், நெஞ்சு ஆற வேண்டும் என்று வேண்டுகிறாள். அந்த இடம் வரும்போது நான் வாய் திறப்பதில்லை. ஊர் கேட்க உன் பெயரைக் கெடுக்க விட்டவன், அதே பெயரைக் கர்த்தரிடம் எப்படி எடுத்துப்போவது என்று இருக்கிறது. நீ ஒரு வரி எழுது, மாறன். திட்டியாவது எழுது. நானும் அவளோடு சேர்ந்து உன் பெயரைச் சொல்லலாம் என்று மட்டும் எழுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

என்றும்,
வினோத்