ஞாயிறு காலை நான்கு டிகிரி

சனி, ஜூன் 8

பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா அதற்கு முன்பே. காலில் மாவுக்கட்டோடு, லாரி ஓட்டாமல் இரண்டு மாதமாகப் படுத்திருப்பவருக்குத் தூக்கத்துக்கா பஞ்சம்.

இன்று ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். குழந்தைகள் கிளினிக்கில் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு. காலையும் மாலையும் அதன் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், விடுமுறை நாளிலும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். எப்போதும் நான்குதான் இருக்கும். அந்த நான்கைப் பார்க்க ஞாயிறு காலை போனால் ஆராதனைக்கு நேரமாகிவிடும். அதனால் நாளைய காலைக் கட்டத்திலும், எதற்கு வீண் நடை என்று மாலைக் கட்டத்திலும் இன்றே 4, 4 போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். வேதியியல் படித்த கை!

கர்த்தருக்காக என்று சொன்னால் அவரே சிரிப்பார். மாமியாருக்காக. பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். மருமகள் ஒரு ஞாயிறு வராவிட்டால் அத்தை முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

ஞாயிறு, ஜூன் 9

முன் பெஞ்ச். அத்தை சாட்சி சொன்னார்: மகன் கால் உடைந்து கிடந்தும் மருமகள் ஒரு ஆராதனையும் தவறியதில்லையாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தாழ்மையாகத் தலை குனிந்தேன். எனக்கு நன்றாகக் குனிய வருகிறது.

திங்கள், ஜூன் 10

ஃப்ரிட்ஜ் நான்கு காட்டியது. ஆனால் அந்த வெப்பமானி, கடைசியாக அழித்ததிலிருந்து எதுவரை ஏறியது என்பதையும் ஞாபகம் வைத்திருக்கும். 19. நேற்று முழுக்கத் தெருவில் கரண்டே இல்லை, ராத்திரிதான் வந்தது என்றார் எதிர்க்கடைக்காரர்.

கை போய் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டது. தினமும் எழுதியபின் அழுத்துகிற பழக்கம். பழக்கமா? இங்கேயாவது பொய் எழுதாதே. பயம்.

19 போய்விட்டது. நோட்டில் 4, கருவியில் 4. பார்த்தவள் நான் ஒருத்தி. சின்ன வயதில் கோயில் ஓய்வுநாள் பள்ளியில் சாத்தானுக்குக் கொம்பு வைத்துப் படம் காட்டினார்கள். பட்டாணி அளவுப் பொத்தானைக் காட்டியிருக்கலாம்.

நாளை மறுநாள் ஊசி நாள். முப்பது பிள்ளைகள்.

செவ்வாய், ஜூன் 11

டாக்டரம்மாவிடம் பாதி சொன்னேன். ஞாயிறு கரண்ட் இல்லையாம், மருந்து சூடாகியிருக்குமோ என்று. நோட்டைப் புரட்டினார்.

"நாலுன்னு நீதானே எழுதியிருக்க? அப்புறம் என்ன சந்தேகம்?"

தலையாட்டினேன். நாளை என் பெண்ணுக்கும் ஊசி இருக்கிறதே, முதலில் அவளுக்கே போட்டுவிடலாம் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

சூட்டில் கெட்டுப்போன மருந்து விஷமாகாது. வேலை செய்யாது, அவ்வளவுதான். இனி நோய் வராது என்று நம்பி அம்மாக்கள் வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதானா?

இவரிடம் சொன்னேன். "பேசாம இரு. உனக்கும் வேலை போச்சுன்னா மூணு பேரும் சேர்ந்து கூரையப் பாத்துட்டுப் படுத்திருக்க வேண்டியதுதான்." பாவம், பயம். அத்தையிடம் வேலையில் ஒரு சோதனை என்று மட்டும் சொன்னேன். ஸ்தோத்திரம் பண்ணு கண்ணு, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போனார். ஃப்ரிட்ஜுக்கும் ஸ்தோத்திரம் பண்ணிப் பார்க்கலாம்.

சரி, அவர்களை விடு. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன்: மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். என் பிள்ளைக்கு நாளை அங்கே ஊசி போட முடியுமா என்று. வரச் சொன்னார்கள். என் பிள்ளைக்கு மட்டும். அடிப்பாவி.

புதன், ஜூன் 12

எட்டு மணிக்கே போனேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு அல்ல, கிளினிக்குக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களின் மேல் ஒரே கோடு. பக்கத்தில்: "பார்க்காமல் சனிக்கிழமையே எழுதியது. திங்கள் காலை 19 வரை ஏறியிருந்தது. அழித்ததும் நான்தான்." கையெழுத்து போட்டு மேசையில் வைத்தேன்.

டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். "ஏன் பாக்கல?"

"ஆராதனைக்கு நேரமாயிடும்னு, மேடம்."

"நல்ல பக்தி."

இதைவிடச் சுருக்கமான பிரசங்கம் நான் கேட்டதில்லை.

மருந்து முழுவதையும் ஒதுக்கிவிட்டார். வெளியே காத்திருப்பவர்களிடம் நீயே போய்ச் சொல் என்றார். சொன்னேன், என் தப்பு என்பதையும் சேர்த்து. வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த ஒரு அம்மா கேட்டாள், "நீயெல்லாம் பிள்ள பெத்தவதானா?" நேற்றிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி வர வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

வியாழன், ஜூன் 13

அத்தையிடம் முழுவதும் சொன்னேன், எதற்காக முன்கூட்டி எழுதினேன் என்பது உட்பட. இந்த முறை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஸ்தோத்திரம் என்று கூடச் சொல்லவில்லை. அதற்கே ஸ்தோத்திரம்.

புதன், ஜூன் 19

மூன்று இடத்தில் வேலை கேட்டேன். ஏன் நின்றாய் என்கிறார்கள். சொல்கிறேன். சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள். உண்மை பேசும் கலையில் புதிதாகச் சேர்ந்தவளுக்கு இது போதும்.

சனி, ஜூன் 22

டாக்டரம்மா போன் செய்தார். "புதுசா வந்த பொண்ணு நாளைக்குள்ளத இன்னைக்கே எழுதி வச்சிருக்கா. நீ நாளையிலருந்து வா. ஞாயிறு ஒண்ணுகூடத் தவறக் கூடாது." மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு, ஜூன் 30

காலை ஃப்ரிட்ஜ் 5. நான்கு இல்லை, ஐந்து. எழுதினேன்.

கோயிலுக்குள் நுழையும்போது பிரசங்கம் பாதி தாண்டியிருந்தது. போன வாரம் போலவே கடைசி பெஞ்சுக்குப் போனேன். அங்கே அத்தை உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கைப்பையை வைத்து இடம் பிடித்து. என்னைப் பார்க்காமலே பையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"எத்தனை?"

"அஞ்சு, அத்தை."

பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தைக் காட்டினார்.