வசந்தாவுக்கு ஒரு பின்சீட்

ஜூன் 1, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில். வண்டியின் பின்சீட்டைக் கழற்றி வாசலில் போட்டேன். ஸ்பிரிங் நாலு உடைசல். நார் தூளாகக் கொட்டுகிறது. போன செவ்வாய்க்கிழமை முதலாவது ஊசி போட்டுக்கொண்டு வேலூரிலிருந்து ஆம்பூர் வரை வசந்தா இதன் மேல்தான் படுத்து வந்தாள். மார்பில் கட்டி. மொத்தம் ஆறு ஊசி, இருபத்தோரு நாளுக்கு ஒன்று. வழியெல்லாம் ஸ்பிரிங் இடுப்பில் குத்தியிருக்கும். நானாகக் கேட்டதற்கு, ஆஸ்பத்திரி ஊசிக்கு உங்க சீட்டு ஊசி தேவலை என்றாள்.

அம்பாசிடர் டீசல், 2001 மாடல். இந்தப் பத்து வருஷத்தில் நான் போட்டவை: பவர் ஸ்டீயரிங், முன்பக்க டிஸ்க் பிரேக், எல்.இ.டி. லைட், சென்ட்ரல் லாக். வசந்தா இந்த வண்டிக்கு வைத்த பெயர் சின்ன வீடு. "உங்க சின்ன வீட்டுக்கு இந்த மாசம் இன்னா நகை?" என்பாள். இந்தத் தடவை நகை பெரிய வீட்டுக்கே. அசல் தோலில் சீட்.

டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்துகொண்டு ரெக்ஸினில் உட்கார்ந்து போவது வெட்கக்கேடு. ரிஜெக்ட் ஆன தோல் ஆறு தர மேனேஜர் சரி சொல்லிவிட்டார். ஸ்பிரே நானே அடிப்பேன். காபி நிறம்.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் சீட் தைக்கிற ரஹீம் பாய் கடையில். தையல் நூல் பிடித்த மாதிரி நேர். பின்சீட் முன்னைவிட நாலு அங்குலம் கூடுதல் நீளம், கால் நீட்டலாம். கையை வைத்தால் எடுக்க மனசு வரவில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வ.வை வாசலுக்கு அழைத்துக் காட்டினேன். வண்டிக் கதவருகே நின்று பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். களைப்பு.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாம் ஊசி. எடுத்துப்போனது: ஃபைல், இ.எஸ்.ஐ. கார்டு, ஃபிளாஸ்க், தலையணை, எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பை மூன்று.

மூன்று பையும் பள்ளிகொண்டா டோல் வருவதற்குள் தீர்ந்தது. போகும்போதே. இன்னும் மருந்து ஏறவில்லை, அதற்குள் எதற்கு வாந்தி? ரோடு தூக்கித் தூக்கிப் போடுது என்றாள். ரோடு நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் ஷாக் அப்சார்பர்.

ஜூன் 22, ஞாயிறு

நாலு ஷாக்கும் புதுசு. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குக்குப் புது ரப்பர் புஷ். வ.வின் தம்பி தாமு ஜாக் பிடித்தான். ரேஷன் கடையில் எடை போடுகிறவன், கார் ஓட்டவும் தெரியும், வளவள பேச்சு. அக்கா எலும்பும் தோலுமா ஆயிட்டா மாமா என்றான். அவன் போனதும் வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அங்கே யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது.

ஜூலை 5, சனி

மழை வரும் போலிருந்து வரவில்லை. ஏ.சி. மாட்டியாயிற்று! உடைக்கப்போன ஒரு வேனிலிருந்து கம்ப்ரசர். டீசல் புகை உள்ளே வந்துதான் வ.வுக்குக் குமட்டுகிறது என்று தோன்றுகிறது. தரையில் இருந்த ஓட்டையெல்லாம் அடைத்தேன். நாலு கதவுக்கும் புது ரப்பர். இனி ஒரு கொசு கூட நுழையாது.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் ஊசி. இதை எழுதவே பிடிக்கவில்லை.

டோலில் வண்டி நிற்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டாள். திரும்பும்போது ஏ.சி. ஓடும்போதே கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். லாரி உரசிப் போகிறது. பயத்தில் கத்திவிட்டேன். இவ்வளவு செலவு பண்ணி ஏ.சி. போட்டது யாருக்காக, கண்ணாடியை ஏற்று என்று. ஏற்றினாள். வீடு வரும்வரை முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்தியபடி கண்ணை மூடி இருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

நான்காம் ஊசி. வ. பஸ்ஸில் போனாள். தாமு துணைக்கு. ஆஸ்பத்திரி கிட்ட வண்டி நிறுத்த இடமில்லை, நீங்க லீவு போட வேணாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ இருக்குது. முந்தின நாளே மூன்று காரணம் தயாராக வைத்திருந்தாள். மூன்றும் சரியான காரணங்கள். அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஊசி போட்ட உடம்போடு ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில். அவளுக்காகவே செய்த சீட் வாசலில் சும்மா நிற்கிறது. எனக்குக் கோபம். அவள் மேல் கோபப்படலாமா இப்போது? படக்கூடாது. பட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தவளிடம் சரியாகப் பேசவில்லை.

தாமு சொன்னது: ஆறு முடிந்ததும் ஸ்கேன் எடுப்பார்களாம். அப்புறம் என்ன என்று டாக்டர் சொல்லவில்லையாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு ஓரத்தில் தையல் விட்டிருந்தது. ரஹீம் பாய் வந்தார். வெயிலில் நின்ற வண்டி. கதவைத் திறந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"அண்ணே, ஒங்களுக்கு வாடை தெரியலயா?"

எந்த வாடை என்றேன்.

"தோல் வாடைண்ணே. பதம் பண்ண போடுற மீன் எண்ணெய், பெயின்ட்டு, எல்லாம். ஏசி போட்டு மூடி வச்சதுல ஏறிப்போய் கெடக்குது. எனக்கே கொமட்டுது. ஊசி போட்டுக்குறவங்களுக்கு எப்டி இருக்கும்?"

உள்ளே குனிந்து மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. சீட்டில் மூக்கை வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. ஆம்பூர் வந்தால் ரயிலில் வெளியூர்க்காரர்கள் கைக்குட்டை எடுப்பார்கள், நாங்கள் சிரிப்போம். இருபத்தாறு வருஷம் ஸ்பிரே பக்கத்தில் நின்ற மூக்கு. செத்துப்போனது கூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

உள்ளே போய் வ.விடம் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம், "நீங்க ஆசையா பண்ணீங்க. எப்டி சொல்றது?" என்றாள். அவ்வளவுதான். போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள்.

கண்ணாடியை ஏற்றச் சொன்னவன் நான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எல்லாவற்றையும் பிய்த்தேன். ரஹீம் பாய் பிளேடு பிடித்தார், நான் இழுத்தேன். போனது: தோல், ஏ.சி., கதவு ரப்பர், அடியில் போட்ட ஸ்பாஞ்ச். மிஞ்சியது: புது ஸ்பிரிங், தகரம். தரையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். வாடையை இழுக்க நாலு மூலையிலும் அடுப்புக்கரி.

சீட்டுக்குத் துணி குடியாத்தத்திலிருந்து. பருத்தி லுங்கித் துணி, பச்சைக் கட்டம், இரண்டு தண்ணீர் அலசியது. உள்ளே இலவம்பஞ்சு. அம்பாசிடர் லுங்கி கட்டிக்கினு நிக்குது என்று தாமு சிரிக்கிறான். வ.வும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என் மூக்கை நம்ப முடியாது. தாமுவின் மூக்கைக் கடன் வாங்கினேன். முன்சீட் ஓகே. பின்சீட் ஓகே. டிக்கி ஓகே. இடையில், "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சரியா தெரியல" என்றான். தள்ளி நின்றேன். எல்லாம் சுத்தம் என்றான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஐந்தாம் ஊசி. லேசான தூறல். நாலு கண்ணாடியும் இறக்கம். வ. பின்னால், தாமு என் பக்கத்தில். மெத்து மெத்துன்னு இருக்குதுங்க என்றாள். விசிலடிக்காத குறை எனக்கு.

மாதனூர் தாண்டியதும் நிறுத்தச் சொன்னாள். ஓரமாக ஒரு மதகின் மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுபோனேன். கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னாள்.

இன்னும் சீட்டிலா, கரி போதவில்லையா, தரை மேட்டை எடுத்துப் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"வண்டி நல்லா இருக்குதுங்க. ஒரு வாடையும் இல்ல." கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க மேலதான். காத்து உங்க மேல அடிச்சி என் மூஞ்சிக்கு வருது. கோச்சிக்காதீங்க. தம்பி ஓட்டட்டும்."

தாமு ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கிறது. சாவியைக் கொடுத்தேன். செகண்ட் கியர் சிக்கும், இழுத்துப் போடு என்று மட்டும் சொன்னேன்.

பஸ் வர அரைமணி நேரம்.

ஆகஸ்ட் 20, புதன்

வேலைக்குப் போகவில்லை. சீயக்காய் ஒரு தரம், எலுமிச்சை ஒரு தரம், சோப்பு இரண்டு தரம். தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்துவிட்டது. போயிற்றா என்று யாரைக் கேட்பது?

வேலையை விட்டுவிடலாம். விட்டால் இ.எஸ்.ஐ. கார்டு போகும். கார்டு போனால் ஊசி போகும்.

இன்னொன்று. கல்யாணம் ஆன வாரத்திலிருந்து தினம் சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும் நேரத்துக்கு வ. சாம்பிராணி போடுவாள். இருபத்துநாலு வருஷம். நல்ல பக்தி என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இன்று கேட்டேன், சாமிக்காக இல்லையா என்று. "சாமிக்குந்தாங்க" என்றாள்.

கூடத்தில் பாய் போட்டுக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

தாமுவுக்கு இந்த வண்டியின் சூட்சுமங்களைப் பழக்கினேன். பின்னாலிருந்து, தள்ளி உட்கார்ந்து. சொன்னவை:
– கிளட்ச்சை முழுசாக மிதி.
– டிஸ்க் பிரேக், தொட்டாலே பிடிக்கும். திடீர் என்று மிதிக்காதே, அவள் உருண்டுவிடுவாள்.
– அறுபதுக்கு மேல் வேண்டாம்.
– அவளுக்கு வலது பக்கம் தலை வைத்தால்தான் தூக்கம் வரும்.

கடைசியை வண்டி விஷயம் என்று நினைத்து அவன் தலையாட்டினான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆறாம் ஊசி. அவர்கள் ஆறரைக்குக் கிளம்பும்படி சொல்லிவிட்டு நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுத முன்னால் போய் நிற்கலாம் என்று. ஜன்னல் ஓரம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா ஒரு நிமிஷத்தில் எழுந்து பின்னால் போனார். முன்பெல்லாம் இதைக் கவனித்ததே இல்லை.

பள்ளிகொண்டா டோலுக்கு முன்னால் என் வண்டி பஸ்ஸை முந்தியது. அறுபதுக்கு மேல்தான் போனான், படுபாவி. ஆனால் குலுங்காமல், ஒரே சீராக. எழுந்து நின்று பார்த்தேன். பின்சீட்டில் பச்சைக் கட்டத்தின் மேல் வசந்தா. வலது பக்கம் தலை. கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். முந்தானை மூக்கில் இல்லை.

கண்டக்டர் உட்காரச் சொன்னார். வண்டி மறைகிறவரை நின்றுவிட்டு உட்கார்ந்தேன்.