வள்ளம் இழுக்கக் கூடாது

10.01.83 திங்கள்

விடியவே வாடைக்காற்று. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

பிக்கப் வண்டி கராஜில், அது இல்லாமல் ஆறு நாள். போன செவ்வாய் பண்ணைப் பாலத்து நடுவில், பின்னால் நிறைய ஐஸ் கட்டியோடு நின்றுவிட்டது. இவர் கியரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாராம். என்ஜின் கத்தியதே தவிர வண்டி அசையவில்லை. ஐஸ் எல்லாம் கரைந்து கடலோடு போயிற்று. அன்றைக்கு ஊர்காவற்றுறையில் பிடித்த மீனில் பாதி கருவாட்டுக்கு. மீன் வாடி முதலாளி பொறுமையான மனிதர், திருத்தி முடியும்வரை வாடகை வண்டியில் ஐஸ் எடுக்கிறார். ஆனாலும் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை ஐஸ் பிந்தினால் நிரந்தரமாக வேறு வண்டி. அந்த ஓட்டம் போனால் எங்களுக்கு வேறு வருமானம் இல்லை.

நாளை கராஜுக்கு. நானும் போகிறேன். தனியே விட்டால் இவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவார்.

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், இவருக்குத் தோளில் போடத் துவாய்.

11.01.83 செவ்வாய்

முதல் பஸ். ஒரு கால் படியில், ஒரு கால் யாரோ ஒருவரின் காலில்.

கராஜ்கார நடராசா அண்ணை கழற்றிய கிளச் பிளேட்டைக் கையில் தந்தார். கரிக்கட்டை. "தங்கச்சி, இது ரோட்டில ஓடித் தேஞ்சதில்லை. மணலுக்கை எதையோ இழுத்திருக்கிறியள்."

இவர் மேலே கூரையைப் பார்த்தார்.

என்னத்தை இழுத்தது? வள்ளங்களைத்தான். எங்கள் கடற்கரையில் வண்டி வைத்திருக்கிற ஒரே ஆள் இவர். வாடை தொடங்கினால் போதும், "அண்ணை, ஒருக்கா வந்து இழுத்து விடுங்கோ." கயிற்றைக் கட்டி, முதலாம் கியரில் உறும உறும மணல் மேட்டுக்கு இழுப்பது. ஒருவரும் காசு கொடுப்பதும் இல்லை, இவர் கேட்பதும் இல்லை. எங்கள் கரையில் அது வழக்கம். என் ஐயாவின் வள்ளத்தையும் அந்த நாளில் யாரோதான் இழுத்தார்கள்.

புதுப் பிளேட் போட்டாயிற்று. வழமையாக மூன்று மாதம் காரண்டி. மேலே கொஞ்சம் காசு கட்டினால் இரண்டு வருஷம் தருவாராம். என்ன பழுது வந்தாலும் கூலி இல்லை, வழியில் நின்றால் சாமானோடு தானே தீவுக்கு வந்து திருத்துவார். கொப்பித் தாளில் நிபந்தனைகளை எழுதித் தந்தார். வேறு ஆள் ஓட்டக் கூடாது. மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும். பாரம் இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கடைசியாக, கீழே கோடு போட்டு: வள்ளம் இழுக்கக் கூடாது.

பொங்கல் கழிந்து முடிவு சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். பிக்கப்பில் வந்தது சந்தோஷம். பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தேன். நல்ல காற்று.

துவாய் வாங்க மறந்தாயிற்று.

13.01.83 வியாழன்

மழை. குசினியில் மூன்று இடத்தில் ஒழுக்கு.

சாப்பிடும்போது கதை. நான்: காரண்டிக்குக் கட்டுவோம். இவர்: வேண்டாம். கட்டுவதென்றால் குசினிக்கு ஓடு போட வைத்த காசுதான். அதைத் தரத் தயாராக இருப்பவள் நான், அந்தக் குசினிக்குள் நிற்பவளும் நான். அப்படியிருக்க இவருக்கு என்ன?

"வள்ளம் இழுக்கச் சொல்லிச் செபமாலை வந்து கேட்டா என்னெண்டு ஏலாது எண்டு சொல்லுறது?"

"வாயாலைதான்."

"நீர் சொல்லுவீரோ?"

"சொல்லுவன்."

சொல்வேன் என்றுதான் நினைத்தேன். ஐஸ் ஓட்டம் போனால் வள்ளக்காரச் செபமாலை அண்ணையா எங்களுக்குச் சோறு போடப் போகிறார்?

இராச் சாப்பாடு புட்டும் மீன் சொதியும். கோபத்திலும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

17.01.83 திங்கள்

காரண்டிக் காசு கட்டியாயிற்று. இவர் கையெழுத்து வைத்தார், நான் பக்கத்தில் நின்றேன். நடராசா அண்ணை பொங்கல் பலகாரம் தந்தார், மோதகம், நல்ல ருசி. "இனி நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ தங்கச்சி" என்றார்.

தாளை அலுமாரியில், கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்தேன். உண்மையாகவே நிம்மதி. பாலத்தைக் கடக்கும்போது என்ஜின் சத்தத்தை உற்றுக் கேட்காமல் வந்தது இதுதான் முதல் முறை.

துவாய் வாங்கினேன். நீலம். பழையதுதான் தோளில் கிடக்கிறது.

21.01.83 வெள்ளி

காற்று கூடுகிறது. பின்னேரம் செபமாலை அண்ணை வேலிப் படலையடியில். "வள்ளம் அடியிலை கல்லுத் தட்டுது, ஒருக்கா இழுத்து விட ஏலுமே?"

இவர் என்னைப் பார்த்தார். சொல்வேன் என்றவள் நான்தானே. வாய் திறந்தேன், வந்தது பொய்.

"பெற்றோல் இல்லை அண்ணை."

"ஓ. அப்ப சரி தங்கச்சி." போய்விட்டார். பத்துப் பேர் சேர்ந்து தோளால் தள்ளினார்களாம். அவருடைய தோள் மூட்டுப் பிசகிவிட்டதாம்.

விடியற்காலை பிக்கப் வழமைபோல் ஐஸுக்குப் போகும். அவர் வீட்டு வாசலால்தான் போக வேண்டும். நித்திரை வரவில்லை.

23.01.83 ஞாயிறு

தேவாலயத்தில் பூசை. செபமாலை அண்ணை கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவருடைய மனுசி திரேசா அக்கா வழமைபோல் சிரித்தா, என் இடுப்பு நோ எப்படி என்று கேட்டா. பிக்கப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏசியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், மனுசன் ஒன்றும் செய்யவில்லை.

ஐஸ் ஓட்டம் ஐந்து நாளும் நேரத்துக்கு. முதலாளிக்குத் திருப்தி.

25.01.83 செவ்வாய்

மதியம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. பனைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தபடி. இவர் ஐஸ் இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். வேலியடியில் நின்று பார்த்தேன். கரையில் ஆட்கள் கயிற்றோடு ஓடுகிறார்கள். பெண்களும் தள்ளுகிறார்கள். திரேசா அக்கா இடுப்பளவு தண்ணீரில். செபமாலை அண்ணை ஒற்றைக் கையால்.

எங்கள் படலையைத் தாண்டித்தான் ஓடினார்கள். ஒருவரும் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் வந்து கேட்பார்கள், என்ன சொல்வது என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டு நின்றேன். கேட்கவே மாட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. இப்படியே ஒரு வருஷம், இரண்டு வருஷம். நாங்கள் இந்தக் கரையில் இருந்தும் இல்லாத ஆட்கள்.

பிக்கப் திறப்பை எடுத்துக்கொண்டு போய் இவரை உலுக்கினேன். "இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. வள்ளங்கள் கடலோடை போகப் போகுது."

"காரண்டி?"

"எழும்புங்கோ எண்டுறன்."

சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இப்படிச் சந்தோஷமாக இவர் ஓடிக் கண்டு கன நாள். நானும் போய்க் கயிறு பிடித்தேன். முதலாவது செபமாலை அண்ணையுடையது. பெற்றோல் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. "தங்கச்சி, கயிற்றுக்கு உள்பக்கம் நில்லாதை, அறுந்தா அடிக்கும்" என்றார். அவ்வளவுதான். மழை பெய்தது நல்லதாய்ப் போயிற்று, நான் அழுதது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஈரம் மாற்ற வீட்டுக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். இவர் அங்கே வைத்தே கேட்டார், "கராஜ்காரருக்கு எப்பிடித் தெரியப்போகுது?" தெரியாதுதான். ஆனாலும் நாளைக்கு ஐஸுக்குப் போகும்போது தாளைத் திருப்பிக் கொடுத்து, வள்ளம் இழுத்தோம் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னேன். ஒரு பொய்யே எனக்குப் போதும். காசு திரும்பி வராது. இரண்டு வருஷத்துக்குக் கட்டியது எட்டு நாளில் போயிற்று.

இதுவரை ஐந்து வள்ளம். ஆறாவதை இழுக்கிற சத்தம் குசினிவரை கேட்கிறது. தேத்தண்ணீர் கொண்டு போக வேண்டும், இருபது பேருக்காவது.